இரவு விளக்கு ஊர்வலம் புதியதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2025 ஜூலை 20 அன்று தொடங்கிய 'ஸ்டார்லைட்' இரவு ஊர்வலத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆயினும், மின்விளக்கு அலங்கார ஊர்திகள் அப்பூங்காவில் "முதன்முறையாக" உலா வருவதாகவும், எல்இடி விளக்குகள் வந்த பிறகே இத்தகைய காட்சி சாத்தியமானதாகவும் அதில் எழுதப்பட்டிருப்பது சரியன்று. மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், இரண்டாவது பிழை என்னைச் சற்று அதிகமாகவே உறுத்தியது.

அதே பூங்காவில் 1977ஆம் ஆண்டிலேயே 'மெயின் ஸ்ட்ரீட் எலெக்ட்ரிக்கல் பரேட்' என்ற இரவு ஊர்வலம் தொடங்கிவிட்டது. 1991இல் அதன் இடத்திற்கு 'ஸ்பெக்ட்ரோமேஜிக்' என்ற வேறோர் ஊர்வலம் வந்தது. 1999இல் பழையது திரும்பியது. 2001இல் மீண்டும் ஸ்பெக்ட்ரோமேஜிக். 2010இல் மீண்டும் பழையது. 2016 அக்டோபரில் அது விடைபெற்ற பின்னர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே இரவு ஊர்வலம் இல்லாமலிருந்தது என்பதே உண்மை. ஆகவே, நீண்ட இடைவெளிக்குப் பின் வந்ததை முதல் வரவு என்று கட்டுரையாளர் கருதிவிட்டார் போலும்.

இவ்வூர்வலத்தின் தோற்றமோ இன்னும் பழையது. 1971இல் புளோரிடாவில் புதிய பூங்காவும் அதையொட்டிய விடுதிகளும் திறக்கப்பட்டபோது, அங்குள்ள ஏரியில் 14 தெப்பங்களில் சுமார் 25 அடி உயரச் சட்டங்களை நிறுத்தி, அவற்றில் விளக்குகளால் கடல் விலங்குகளின் உருவங்களை வரைந்து, இருட்டில் இசையோடு மிதக்கவிட்டார்கள். நம் ஊர்க் கோயில் குளத்தில் தெப்பத் திருவிழா பார்த்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. இதன் வெற்றியைக் கண்ட நிறுவனம், நீரில் செய்ததைத் தெருவிலும் செய்துபார்க்க முனைந்து, 1972 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் முதல் மின்விளக்கு ஊர்வலத்தை நடத்தியது. கோடைக்காலத்தில் பகல் முழுவதும் சுற்றிக் களைத்த குடும்பங்களை இரவு வரை பூங்காவிலேயே தங்கவைப்பதுதான் நோக்கம். இரவு வரை இருப்பவர்கள் இரவு உணவையும் அங்கேயே வாங்குவார்கள் என்ற கணக்கை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த முதல் ஊர்திகளில் பெரும்பாலானவை தட்டையான சட்டங்களில் பல்புகள் பொருத்தப்பட்டவை. திருவிழாக்களில் ஊர் எல்லையில் மரச்சட்டம் கட்டி, வண்ண பல்புகளால் முருகனையும் பிள்ளையாரையும் மின்னி மின்னி நிற்கச் செய்யும் சீரியல் செட்டுக்கும் அதற்கும் தொழில்முறையில் பெரிய வேறுபாடு கிடையாது. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு நிறைவுக்கென வேறோர் ஊர்வலம் நடந்ததால் இது இடையில் நிறுத்தப்பட்டு, 1977இல் டிஸ்னிலாண்டுக்குத் திரும்பியபோதுதான் ஊர்திகள் முப்பரிமாண வடிவம் பெற்றன. பெரிய முரசை இழுத்து வரும் ரயில் எஞ்சினும், ஒளிரும் பச்சை டிராகனும் அப்போதிருந்தே அதன் அடையாளங்கள். இவற்றில் எரிந்தவை சுமார் ஐந்து லட்சம் சிறு பல்புகள். எல்இடி என்பது கால்குலேட்டரின் சிவப்பு எண்களாக மட்டும் நமக்குத் தெரிந்திருந்த காலம் அது.

நம் சுவாமி புறப்பாட்டில் விளக்குத் தாங்கிகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி இரைந்துகொண்டே வரும். ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி இருவர் ஓடுவார்கள். டிஸ்னி ஊர்திகளோ தங்களுக்கான மின்கலங்களைத் தாங்களே சுமந்து சென்றன. புகையும் இரைச்சலும் இல்லாததால்தான் அந்த ஊர்வலத்தில் இசை தெளிவாகக் கேட்டது. அந்த இசைக்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டைக் கட்டுரை தொடவேயில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப்பட்டது. அடிநாதமாக ஒலிப்பது, ழான் ழாக் பெர்ரே, கெர்ஷன் கிங்ஸ்லி ஆகிய இருவரும் 1967இல் மின்னணு இசைக்கருவியில் அமைத்த 'பரோக் ஹோடவுன்' என்ற மெட்டு. ஒவ்வோர் ஊர்திக்கும் உரிய தனிப்பாடல், அந்த மெட்டின் தாளத்திற்குள் பிசகாமல் அடங்கும்படி கோக்கப்பட்டது. பின்னர், ஊர்வலம் செல்லும் பாதையை 70 முதல் 100 அடி நீளமுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஊர்தியொன்று ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் ரேடியோ சமிக்ஞையால் அப்பகுதியின் ஒலிபெருக்கிகள் அதற்குரிய பாடலுக்கு மாறும்படி கணினி வழியாக இயக்கினார்கள். தெருவின் தொடக்கத்தில் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் ஒரே நிகழ்ச்சி, ஒரே வரிசையில், இடையில் அறுபடாமல் கிடைத்தது. 2022 கோடையில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது கலிபோர்னியாவில் இதை நேரில் கண்டேன். பேரன் டிராகனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பாடல் முடிந்து மறுபாடல் தொடங்கும் இணைப்பு எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், கடைசிவரை பிடிபடவில்லை.

புதியது என்ற சொல்லைப் போலவே 'கடைசி' என்ற சொல்லையும் இத்தகைய செய்திகளில் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். 1996இல் டிஸ்னிலாண்டில் இவ்வூர்வலம் நிரந்தரமாக முடிகிறது என்று விளம்பரம் செய்தார்கள், கூட்டம் அலைமோதியது, அதன் பல்புகளை நினைவுப் பொருளாக விற்கவும் செய்தார்கள். மறு ஆண்டு கொண்டுவரப்பட்ட 'லைட் மேஜிக்' ஒரே கோடையோடு நின்றுபோனது. 'நிரந்தரமாக' அணைந்த விளக்குகளோ 1999இல் புளோரிடாவிலும், 2001இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டுக்குப் பக்கத்துப் பூங்காவிலும், 2017, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் புறப்பட்ட இடமான டிஸ்னிலாண்டிலேயேயும் எரிந்தன. விடைபெறும் விழாவும் ஒரு வியாபாரச் சரக்குதான் என்பதை அறிந்த நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்து வெளியிடுவது நாளிதழுக்கு அழகன்று. எல்இடி விளக்குகளின் வருகையால் ஒன்றும் மாறவில்லை என்று நான் வாதிடவில்லை. 2015இல் டிஸ்னிலாண்டுக்கு வந்த 'பெயின்ட் தி நைட்' ஊர்வலத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் இருந்தன. பழைய பல்புகளைக் கொண்டு அத்தனை விளக்குகளை மின்கலங்களால் எரிப்பது எளிதன்று. ஆனால் அது இரண்டாம் தலைமுறையின் கதை.

மற்றொன்று. கட்டுரையுடன் தாங்கள் வெளியிட்டிருந்த பெரிய வண்ணப் படத்தில் இருப்பது ஸ்டார்லைட் அன்று; நான் மேலே குறிப்பிட்ட பச்சை டிராகன் ஊர்திதான் அது. "முதன்முறையாக" என்ற தலைப்புக்கு நேர் கீழே 1977இன் டிராகன் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பில் படக்குறிப்பையும் ஆண்டுகளையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்,
கும்பகோணம்.