பூங்கா வரைபடத்தில் விளையாட்டுத் திடலுக்கும் இடம் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பாலாற்றங்கரைப் பகுதி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: மனைப்பிரிவின் பொது ஒதுக்கீட்டு இடத்தில் அமையவுள்ள பூங்காவின் வரைபடத்தை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்னர் திருத்தி, இளைஞர்களுக்கான விளையாட்டுத் திடலையும் அதில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். தேசிய நெடுஞ்சாலை 48க்கும் பாலாற்றுக்கும் நடுவே அமைந்துள்ள எங்கள் மனைப்பிரிவில், பொதுப் பயன்பாட்டுக்கென விடப்பட்ட 52 சென்ட் நிலத்தில் பூங்கா அமைப்பதற்கான வரைபடமும் மதிப்பீடும் தயாராகியுள்ளன. இந்தப் பணிக்கு இன்னும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. பூங்கா வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த 52 சென்டில் ஒரு பகுதியை, இப்போது அங்கே நாள்தோறும் விளையாடிவரும் பிள்ளைகளுக்கே விட்டுவைக்குமாறு வரைபடத்தை மாற்றித்தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. இந்த இடத்தில் பூங்கா வேண்டும் என்று மனு கொடுத்ததே எங்கள் சங்கம்தான். அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். மருத்துவர் நடக்கச் சொன்னதால் நடப்பதற்கு ஓர் இடம் தேடியவர்கள். மாலையில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே கேட்கும் கூச்சலுக்குச் சொந்தக்காரர்களை அன்று நாங்கள் அழைத்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதிகாரிகள் நாங்கள் கேட்டதையே வரைந்து தந்திருக்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. வரைபடம் எங்கள் கைக்கு வந்த பிறகுதான், சங்கக் கூட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நாங்க எங்க இருக்கோம் சார்?” என்று கேட்டார். எங்களில் ஒருவராலும் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை.

நடுவில் செயற்கை நீரூற்று, அதைச் சுற்றிப் புல்தரை, பேவர் பிளாக் பதித்த பாதை, இரண்டு நிழற்குடைகள், ஒரு மூலையில் சறுக்குமரமும் ஊஞ்சலும், மற்றொரு மூலையில் உடற்பயிற்சிக் கருவிகள், சுற்றிலும் கம்பிவேலி என்பதே வரைபடத்தின் அமைப்பு. காலை 6 மணி முதல் 9 மணி வரையும் மாலை 4 மணி முதல் 7 மணி வரையும் மட்டுமே பூங்கா திறந்திருக்கும் என்றும், பந்து விளையாட அனுமதி இல்லை என்ற அறிவிப்புப் பலகை வாயிலில் வைக்கப்படும் என்றும் தெரிகிறது. வேலூரைப் பற்றி வெளியூரார் சொல்லும் பழைய கேலி தங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் சாமியில்லாக் கோயில் என்ற பழி, 1981ஆம் ஆண்டு ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளியதும் நீங்கியது. தண்ணீரில்லா ஆறு என்ற பழியோ 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளக் காலங்களில் மட்டும் மறந்துபோய், வெயில் ஏறியதும் மறுபடி நினைவுக்கு வந்துவிடுகிறது. குடிநீருக்கே முறைவைத்துக் காத்திருக்கும் தெருவின் முனையில் நீரூற்று எத்தனை மாதம் ஓடும் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

இப்போது அந்த நிலத்தில் இருப்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம் உள்ளது. அதற்கு எதிரே வாலிபால் வலை கட்ட இரண்டு கம்பங்கள் நடப்பட்டுள்ளன. ஒன்று சவுக்குக் கட்டை, மற்றொன்று யாரோ கழித்துப்போட்ட இரும்புக் குழாய். வலை கிழிந்த இடங்களை நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் மீன்வலை போலத் தெரியும். கபடிக்கு மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்துப் பதப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் மறுநாள் மீண்டும் போடுகிறார்கள். இதற்கு அரசுப் பணம் ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

அங்கே வருபவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள், கம்பெனி பஸ் இரவு ஏழு மணிக்கு மேல் இறக்கிவிட்ட பிறகுதான் வர முடியும். ஏழு மணிக்குப் பூட்டும் பூங்கா அவர்களுக்கு இல்லாத பூங்காதான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வருபவர்கள் வேறு. அவர்கள் சீருடைப் பணியாளர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் உடல்தகுதி தேடுபவர்கள். கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கொருவர் படையில் சேரும் ஊரைக் கொண்ட மாவட்டத்தில் இந்தப் பழக்கத்துக்கு விளக்கம் தேவையில்லை. காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் ஆகியவையும் உண்டு. தனியார் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் எங்கே போய்க் கயிறு ஏறுவார்கள்? வேப்பமரக் கிளையில் கட்டியுள்ள கயிற்றில்தான் இன்று ஏறுகிறார்கள். ஓடுவதற்கு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டுக்குப் போகிறார்கள். சென்ற ஆண்டு அங்கே விடியற்காலை இருட்டில் ஓடிய ஒரு பையனை இருசக்கர வாகனம் மோதியதில் தோள்பட்டை எலும்பு முறிந்து, அவர் அந்த ஆண்டுத் தேர்வையே எழுத முடியாமல் போயிற்று.

திடல் போனால் எஞ்சுவது பாலாற்றுப் படுகைதான். மணல் அள்ளிய பள்ளங்கள் அங்கே மூடப்படாமல் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் ஆழம் வெளியே தெரியாது. இதற்கு மேல் விவரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மனைப்பிரிவுகளில் பொது ஒதுக்கீட்டு இடம் விடுவது உள்ளாட்சிக்குத் தரும் அன்பளிப்பு அன்று, சட்டக் கடமை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைப் பொது மற்றும் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். எங்கள் மனைப்பிரிவு அந்த விதிகளுக்கு முந்தையது என்றாலும் அன்றும் பத்தில் ஒரு பங்கு இதே நோக்கத்துக்காகவே விடப்பட்டது. மனை வாங்கிய ஒவ்வொருவரும் அந்த நிலத்துக்கும் சேர்த்தே விலை கொடுத்தோம். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தன் பெயரிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் என்று மூன்றையும் தனித்தனியே சொல்கிறது; ஒன்றை அமைத்தால் மற்றது தானாக அடங்கிவிடும் என்று அன்று சட்டம் இயற்றியவர்கள் கருதவில்லை என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம். பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்ததையும் அறிவோம். இங்கே அப்படி யாரும் நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நோக்கத்துடன்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனாலும் வேலி போட்டு, பலகை வைத்து, நேரம் குறித்துவிட்டால் ஒரு சாராருக்கு அந்த நிலம் கைவிட்டுப் போனதாகவே ஆகும்.

இரண்டுக்கும் இடம் போதாது என்று சொல்லப்படுவதால், சங்கத்தில் உள்ள ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தோம். நிலம் 60 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் கொண்டது. வேலியை ஒட்டி உட்புறம் 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை அமைத்தால் ஒரு சுற்று ஏறத்தாழ 182 மீட்டர் வரும். ஐந்தரைச் சுற்று நடந்தால் முதியோருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்காகிவிடும். அதே பாதையில் விடியற்காலை எட்டுச் சுற்றும் கொஞ்சமும் ஓடினால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு 1,500 மீட்டர் முடிந்துவிடும். பாதைக்கு உள்ளே 56 மீட்டருக்கு 31 மீட்டர் எஞ்சுகிறது. அதில் வேப்பமரம் நிற்கும் மேற்குப் பக்கம் 20 மீட்டரைச் சிறு குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒதுக்கினாலும், 36 மீட்டருக்கு 31 மீட்டர் மீதியுள்ளது. வாலிபால் ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர்; நான்கு பக்கமும் மும்மூன்று மீட்டர் விட்டால் 24க்கு 15. கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். இரண்டும் தாராளமாக அடங்குவதோடு, நீளம் தாண்ட ஒரு மணற்குழிக்கும் கயிறு ஏற ஒரு கம்பத்துக்கும்கூட மூலையில் இடம் இருக்கிறது. நீரூற்றையும் ஒரு நிழற்குடையையும் விட்டுவிட்டால் இவற்றுக்கான செலவு மதிப்பீட்டுக்குள்ளேயே அடங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பொறியாளர்கள்தாம் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். களத்தில் மட்டும் பேவர் பிளாக்கோ சிமெண்ட் தளமோ போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கபடிக்கு மண்தான் வேண்டும். கல்லில் விழுந்த முட்டி சொல்லும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். இன்று அந்தத் திடலில் அவர்கள் இல்லை. அவர்களுக்கு ஆசை இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டில் கேட்டபோதுதான் வெளிச்சம் இல்லை, கழிப்பறை இல்லை, தங்களுக்கென ஒரு நேரம் இல்லை என்று மூன்று காரணங்களை அடுக்கினார்கள். காவலர் தேர்வுக்கு 400 மீட்டர் ஓடிப் பழகும் ஒரு பெண், தம் தந்தை சைக்கிளில் பின்னால் வந்தால் மட்டுமே ஓட முடிகிறது என்றார். தற்போதைய வரைபடத்தில் கழிப்பறை இல்லை. தண்ணீர் வசதியுடன் கூடிய ஒரு கழிப்பறையும், ஆடுகளத்துக்கு நேராக இரவு 9 மணி வரை எரியும் விளக்கும், வாரத்தில் சில மாலைகளில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரமும் இருந்தால் அவர்களும் வருவார்கள். சறுக்குமரம் எவர்சில்வரில் வரவுள்ளதாக அறிகிறோம். கத்திரி வெயிலில் மாலை ஐந்து மணிக்கு அப்படிப்பட்ட சறுக்குமரம் ஒன்றில் ஏறிய என் பேத்தி பாதியிலேயே அலறி இறங்கியதையும், தொடையின் பின்புறம் சிவந்திருந்ததையும் செயலாளராகிய நான் நேரில் பார்த்தவன். இந்த ஊருக்கு அது ஆகாது. ஆகவேண்டுமானால் நிழலில்தான் ஆகும். அழகுப் பனைகளுக்குப் பதிலாகப் புங்கன், பூவரசு, வேம்பு நட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் அந்த நிழல் வந்துவிடும்.

விளையாட அனுமதித்தால் சத்தம் வரும், பந்து வீட்டுக்குள் விழும், வேண்டாத பழக்கங்கள் நுழையும் என்ற ஆட்சேபங்கள் எங்கள் சங்கத்துக்குள்ளேயே எழுந்தன. சத்தம் வருவது உண்மை. பந்துக்கு வடக்குப் பக்கம் உயரமான வலை கட்டினால் போதும். அதையும் மீறி உடையும் கண்ணாடிக்குச் சங்கமே பணம் தரும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். வேண்டாத பழக்கம் இருட்டுத் திண்ணையில்தான் வளர்கிறது. வலை கட்டி ஆட்டம் நடக்கும் இடத்தில் அதற்குத் தோது இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து போன பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றதை எங்கள் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள். எல்லோரும் பதக்கம் வாங்குவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரவு எட்டரை மணிக்கு வியர்வையோடு வீடு திரும்பும் பையன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். பெற்றவர்களுக்கு அதுவே போதும்.

பராமரிப்புக்கு எங்கள் பங்கையும் தரத் தயாராக உள்ளோம். ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் பங்களிப்பாகச் செலுத்தி விளக்குகளையும் பாதுகாப்பு வலையையும் அமைக்க அனுமதி கிடைத்தால் நிதி திரட்டித் தருகிறோம். பூங்காச் சாவியை வைத்திருக்கும் குழுவில் இளைஞர்கள் இருவரும் பெண்கள் இருவரும் இருக்க வேண்டும் என்பதையும் எங்கள் தீர்மானத்தில் சேர்த்துள்ளோம்.

எனவே, தற்போதைய வரைபடத்தின் மீது ஒப்பந்தப்புள்ளி கோருவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அமைப்பின் பொறியாளர் ஒருவரை மாலை 6 மணிக்கு மேல் ஒரு நாளும் விடியற்காலையில் ஒரு நாளும் அந்த இடத்துக்கு நேரில் அனுப்பிப் பார்வையிடச் செய்யுமாறும், அதன் பின்னர் நடைபாதை, குழந்தைகள் பகுதி, மண் தரையிலான விளையாட்டுத் திடல், கழிப்பறை, விளக்கு ஆகியவை அடங்கிய திருத்திய வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தயாரித்து, நகர்ப்புற உள்ளாட்சிகளின் வார்டு குழு, பகுதி சபா பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பகுதிவாசிகள் கூடும் எங்கள் ‘பகுதி சபா’வில் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்ட பிறகே பணியைத் தொடங்க உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பூங்கா திறந்திருக்கும் நேரத்தைக் காலை 5 மணி முதலும் இரவு 9 மணி வரையும் நீட்டித்து ஆணையிட வேண்டுகிறோம். வரைபடம் திருத்தப்படும் வரை இப்போதுள்ள கம்பங்களையும் கபடிக் களத்தையும் அகற்றாதிருக்கும்படி அறிவுறுத்தினால் நன்றியுடையவர்களாக இருப்போம். அடுத்த காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் இன்று காலையும் அங்கேதான் கயிறு ஏறினார்கள்.

நில அளவைக் குறிப்பும், சங்கத் தீர்மானத்தின் நகலும், இம்முறை இளைஞர்களும் பெண்களும் சேர்ந்து இட்ட கையெழுத்துப் படிவமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இடம்: வேலூர்
நாள்: