கொல்லையில் கல் பதிக்க வேண்டாம், தம்பி

திருப்பாப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னதை அப்பா சொன்னார். பொங்கலுக்கு வரும்போது கொல்லை முழுக்க பேவர் பிளாக் போட்டுவிடலாம், கொத்தனாரிடம் பேசி வையுங்கள் என்றாயாம். மழைக்கு வழுக்கும், பாம்பு வரும், சருகு கூட்டிக் கூட்டி அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும் என்று உனக்குக் கவலை. எங்களை நினைத்துத்தான் சொல்கிறாய், அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேண்டாம். போனில் இதை நிதானமாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்தது உனக்கு நினைவிருக்கும். காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால் முருங்கை, மா, தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தன. வேம்பு மட்டும் கிளை முறிந்து மொட்டையாக நின்றது. அப்புறம் நீ படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டாய். இந்தக் கொல்லை திரும்ப எழுந்ததை நீ கூட இருந்து பார்க்கவில்லை. முருங்கையும் கொய்யாவும் எலுமிச்சையும் நாங்கள் வைத்தவை. மதிலோரம் நிற்கிற கறிவேப்பிலைக் கன்றுகள், வேலியில் படர்ந்திருக்கிற கோவை, கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வேம்பு இதெல்லாம் யாரும் வைத்ததில்லை. கொண்டைக்குருவியும் குயிலும் பழத்தைத் தின்றுவிட்டு எச்சத்தில் போட்ட விதை. இதையெல்லாம் நட்ட பறவைகள் இன்னும் வந்துபோய்க்கொண்டு இருக்கும்போது அந்த மண்ணை மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீ குப்பை என்கிறாயே, அந்தச் சருகைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்தேன். கொல்லைப்பக்கம் இரட்டை விசில் சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. ஆறுமணிக்குருவி. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மைனாவைவிடச் சின்ன உடம்பு, கட்டை வால். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலம், கண்ணில் மை இழுத்தது போலக் கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. தத்தித் தத்தி வந்து கறிவேப்பிலை அடியில் ஒரு சருகை அலகால் புரட்டிப் போட்டது. கொஞ்சம் நின்று பார்த்தது. அடுத்த சருகைப் புரட்டி ஒரு மண்புழுவை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. இரவெல்லாம் பறந்து களைத்துத் தெற்கே வருகிற குருவிக்கு என்ன வேண்டும் சொல்லு? ஈர மண், மேலே சருகு, ஒளிய ஒரு புதர். கல் பதித்த தரையில் அது எதைப் புரட்டும்?

தவிட்டுக்குருவிக் கூட்டமும் அப்படித்தான். காலையில் கத்திக்கொண்டே வந்து மரத்தடி முழுக்கக் கிளறிவிட்டுப் போகும். செம்போத்து மழைக்காலத்தில் நத்தை பிடிக்க வருகிறது. அதனால்தான் நான் நடக்கிற இடத்தை மட்டும் கூட்டி, சருகையெல்லாம் மரத்தடியில் தள்ளிவிடுகிறேன். குனிந்து அள்ளுகிற வேலை இல்லை, இடுப்புக்கும் நல்லது.

எலுமிச்சையில் புழு இருக்கிறது, மருந்து அடியுங்கள் என்று போன தடவை சொன்னாய். நான் அடிக்கச் சொல்லவில்லை. தேன்சிட்டு தேன் குடிக்கும் என்றாலும் குஞ்சுக்குக் கொடுப்பது பூச்சியும் சிலந்தியும். நெல் கொத்துகிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். செடிக்குச் செடி மருந்து அடித்துவிட்டு, குருவி வரவில்லையே என்று கூண்டு வாங்கி மாட்டி என்ன பயன்?

இந்த வருஷம் பின்வாசலில் துணி காயப்போடும் கயிற்றின் கோடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. பெண் குருவிதான் கட்டியது. விறகுக் கொட்டகை மூலையில் நான் ஒட்டடை அடிக்காமல் விட்டிருந்தேன், அங்கிருந்து சிலந்தி நூலை அலகில் சுற்றிச் சுற்றி எடுத்துப்போகும். அதை வைத்து நார், காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் ஒட்டி, சுருக்குப்பை மாதிரி தொங்கவிட்டது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழை சாரல் படாமல் சின்னதாக ஒரு இறவாரம். இரண்டு முட்டை. குஞ்சு பறக்கிறவரை அந்தக் கயிற்றில் துணி போடவில்லை, அப்பா மாடியில் வேறு கயிறு கட்டிக்கொடுத்தார்.

சரி, பாம்புக்கு வருகிறேன். சாரை ஒன்று வந்தது உண்மைதான். அது எலிக்காக வரும், எலி தானியத்துக்காக வரும். கல் போட்டால் எலி அந்தக் கல்லுக்கு அடியிலேயே வளை தோண்டும். அதனால் அப்பா தென்னை மட்டையையும் பழைய செங்கல்லையும் வீட்டை ஒட்டி அடுக்காமல் கடைசி மதிலுக்குக் கொண்டுபோய்விட்டார். சாக்கடை ஓட்டைக்குக் கம்பி வலை போட்டாயிற்று. கம்பும் நொய்யும் காலையில் ஒரு கைப்பிடி, தின்று தீர்க்கிற அளவுதான். பொழுது சாயும்போது தரையில் ஒரு மணி இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட எதுவும் வைப்பதில்லை. அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கிற சோறு வழக்கப்படி மதில்மேல். தையில் காட்டுமன்னார்கோயில் பெரியம்மா கொடுத்தனுப்பும் நெற்கதிரைத் திண்ணையில் தொங்கவிடுகிறேன், அதற்கு சிட்டுக்குருவி தவறாமல் வரும்.

தண்ணீர்த் தட்டால் கொசு வரும் என்று மருமகள் பயப்படுகிறாள். நியாயமான பயம். டெங்குக் கொசு முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. அதனால் தினமும் தேங்காய் நாரால் ஓரமெல்லாம் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றுகிறேன். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரமாவது வேண்டும், அதற்கு இடமே கொடுப்பதில்லை. அகலமான மண் தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல், சின்னக் குருவி அதில் நின்று குடிக்கும். பூனை பதுங்கி வர முடியாதபடி புதரிலிருந்து தள்ளி, வெட்டவெளியில் வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் அங்கே எத்தனை பறவைகள் குளிக்கின்றன என்று நீ வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் பாண்டிச்சேரியில் சித்தி வீட்டுப்பக்கம் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கேயும் விடாத மழை. கொல்லை மண் குடித்தவரை குடித்தது. கல் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் நேராக அடுப்படிக்குத்தான் வந்திருக்கும்.

பாப்பா வீடியோவில் கேட்டாளே, விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய்க்குருவி ஒதுக்கிவிடுமா என்று. ஒதுக்காது. இறக்கை முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். இறக்கை முளைத்துத் தத்துகிற குஞ்சு என்றால் பூனைக்கு எட்டாத கிளையில் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், தாய் வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாப்பாவிடம் மறக்காமல் சொல்லு.

வழுக்குகிறது என்று நீ சொல்வது சரிதான், அப்பாவுக்கும் வயதாகிறது. பின்வாசலிலிருந்து கிணறு வரை, அங்கிருந்து துணிக்கயிறு வரை மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான பாதை, ஓரத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி. அதைப் போடு, சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். மிச்சமாகும் பணத்தில் முன்பக்கம் ஒரு நாவலும் ஒரு மகிழமும் வைக்கலாம்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்டு செயலியில் பதிய வேண்டும். பாப்பாவை வைத்துக்கொண்டு நீ செய், பெயர் நான் சொல்கிறேன். ஆறுமணிக்குருவி சித்திரைவரை இங்கேதான் இருக்கும்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு. பாதைக்கு மட்டும் கொத்தனாரை வந்து அளந்துகொண்டு போகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா