ஓஸ் எங்க உரசுதுன்னு மொதல்ல பாரு

திருச்செங்கோடு
ஜூலை 12

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பின படம் அஞ்சும் பாத்தேன். வந்த கோவத்தை ரெண்டு நாள் ஆறப் போட்டுட்டுத்தான் எழுதறேன். விண்டன் ரேஸ் டிராக்குல வண்டி ஓட்டறதுக்காக இல்ல கோவம். அது உன் காசு, உன் ஆசை. "பழைய ஆயில் கூலர் ஒண்ணு பாதி விலைக்கு வருதுப்பா, வாங்கிடட்டுமா"ன்னு கேட்டியே, அதுக்கு.

வாங்காத. ஆயில் கூலர்ங்கறது எஞ்சின் ஆயிலைக் காத்துல ஆத்தற சின்ன ரேடியேட்டர். அது எந்த வண்டியில இருந்து கழட்டினது, ஏன் கழட்டினாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஒரு எஞ்சின்ல பேரிங் போச்சுன்னா அரைபட்ட தூள் பூரா ஆயிலோட போயி கூலருக்குள்ள சந்து சந்தா உக்காந்துக்கும். டீசல் ஊத்தி அலசினாலும் காத்து அடிச்சாலும் முழுசா வராது. ஃபில்டர் இருக்குதேன்னு சொல்லுவ. விடிகாலைக் குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கறப்ப ஃபில்டரோட பைபாஸ் வால்வு திறந்துக்கும், வடிகட்டாத ஆயில் நேரா பேரிங்குக்குப் போயிரும். உன் எஞ்சின்லயே என்னைக்காவது பேரிங் போனாலும் இதே கணக்குதான். எஞ்சினைப் பிரிச்சு வேலை பண்ணிட்டு பழைய கூலரைத் திரும்ப மாட்டாத. தூக்கிப் போட்டுரு.

சரி, கூலர் தேவையாங்கறதுக்கு வர்றேன். டிராக்குல ஓட்டறப்ப ஆயில் சூடு 131 டிகிரின்னு போன் காமிச்சுதுன்னு எழுதியிருந்த. எத்தனாவது ரவுண்டுலன்னு எழுதல. ஊருக்குள்ள ஆபீசுக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு இது வெட்டிச் செலவு. ஆயில் 90ல இருந்து 110 வரைக்கும் இருந்தா எஞ்சினுக்கு அதுதான் சௌக்கியம். நூறை நெருங்கினாத்தான் உள்ள சேந்த தண்ணி நல்லா ஆவியாகும். ஆனா டிராக்குல இருவது நிமிசம் விடாம மிதிச்சு 130 தாண்டி நிக்குதுன்னா, 0டபிள்யூ-20 மாதிரி தண்ணியாட்டம் இருக்கற ஆயில் அந்தச் சூட்டுல இன்னும் இளகி, பேரிங்குக்கு நடுவுல நிக்கற படலம் மெலிஞ்சு போயிரும். உன் டொயோட்டா 86ல இருக்கற சுபாரு எஞ்சின் டிராக்குல சூடாகறது ஊரறிஞ்ச விசயம். அதனால போடு, வேண்டாங்கல.

ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. இதுவரைக்கும் எஞ்சினுக்குள்ளயே சுத்திட்டிருந்த ஆயிலை நீ வீட்டை விட்டு வெளிய கூட்டிட்டுப் போற. ஆயில் போக வர ரெண்டு ஓஸ் குழாய், நாலு மூட்டு, எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவுல மாட்டற சாண்ட்விச் பிளேட்டு ஒண்ணு, ஒரு கூலர். எண்ணிப் பாரு, ஒழுகறதுக்குப் புதுசா எத்தனை இடம்னு. கூலர் கெட்டு எஞ்சின் போனதை நான் அதிகம் பாத்ததில்ல. ஓஸ் கெட்டுப் போனதைத்தான் நெம்பப் பாத்திருக்கேன்.

அதுல ஒண்ணு நானே பண்ணினது. உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. நீ பொறக்கறதுக்கு முன்னால, மத்தியப் பிரதேசத்துல போர் போடற ரிக் வண்டியோட சுத்திட்டிருந்தப்ப, கம்ப்ரஸர் ஆயில் கூலருக்குப் போற ஓஸை மாத்தினேன். அளவு ரெண்டு விரக்கடை நீளமா வந்திருச்சு. வெட்டி மறுபடி முனையில மூட்டை நெரிச்சு கிரிம்ப் பண்ண சோம்பேறித்தனம், அப்படியே வளைச்சு விட்டுட்டேன். நாலாம் நாள் ராத்திரி, போர் 400 அடி போயிட்டிருக்கறப்ப, சேஸிஸ் ஓரத்துல உரசி உரசி ஓஸ் அறுந்துருச்சு. ஒரு டிரம் ஆயில் அந்த விவசாயி காட்டுல. அவரு ஒரு வார்த்தை திட்டல, லாந்தரைத் தூக்கிப் புடிச்சுட்டு நின்னாரு. ஊருக்கு வந்து சங்ககிரி ரோட்டுல ஓஸ் கடை போட்டப்ப நான் மொதல்ல வாங்கின சாமான் அளக்கறதுக்கு ஒரு நல்ல டேப்புதான்.

ரிக்குல 200 பார் பிரஷர் பாத்தவன் நான். உன் வண்டியில ஆயில் 5, 6 பார்தான், சிரிப்பாக்கூட வரும். ஆனா ஒழுகிப் போறதுக்கு அஞ்சு பாரே தாராளம். அதுவும் நீ படத்துல கோடு போட்டு அனுப்பின வழி, எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒரு சாண் தள்ளிப் போகுது. அந்த எஞ்சின் படுத்த எஞ்சின், எக்ஸாஸ்ட் கீழ முன்னாலதான் வரும். அங்க சொட்டினா தீ. அந்த வழி வேண்டாம். சுத்திப் போனாலும் பரவாயில்ல, மேல ஏத்தி ஓரமாக் கொண்டு போ. வெளிய கம்பிப் பின்னல் போட்ட ஓஸா இருந்தா இன்னும் சாக்கிரதை. அது பாக்க மினுமினுன்னு அழகா இருக்கும், ஆனா அரம் மாதிரி. தொட்ட இடத்தை எல்லாம் அறுக்கும், ஒயரோ ரேடியேட்டரோ அதுக்குக் கணக்கில்ல. தொடற இடத்துல எல்லாம் ரப்பர் கிளாம்ப் போடு. எஞ்சின் குலுங்கும், பாடி குலுங்காது, அந்த வித்தியாசத்துக்குச் சித்த தொய்வு விடு. நான் விட்ட மாதிரி தொங்கவும் விடாத.

ஓஸை வெட்டறப்ப ஒட்டற டேப்பு சுத்தி, பல்லு சின்னதா இருக்கற ஹேக்ஸா பிளேடுல வெட்டு. உள்ள விழுந்த ரப்பர் துகளைக் காத்தடிச்சு எடு. மூட்டுல டெஃப்ளான் டேப் சுத்தவே சுத்தாத. இந்த மாதிரி ஓஸுக்கு வர்ற ஏ.என். ரக மூட்டு சாய்வு முகத்துல உக்காந்து அடைக்கறது, மரையில இல்ல. டேப்புல பிரிஞ்ச நூலு போயி ஆயில் ஓட்டையை அடைச்சா யாரைக் கேக்கறது? இறுக்கறப்ப ரெண்டு ஸ்பானர் போடு. ஒண்ணு புடிக்கறதுக்கு, ஒண்ணு திருப்பறதுக்கு. ஒத்த ஸ்பானர்ல முறுக்கினா கூலரோட அலுமினியக் கழுத்து முறிஞ்சிரும்.

சாண்ட்விச் பிளேட்டு தெர்மோஸ்டாட் வெச்சதுதான் வாங்கோணும், அதாவது ஆயில் சூடானாத்தான் கூலருக்கு வழி விடற வால்வு. மெல்போர்ன்ல காத்தால ஆறு ஏழு டிகிரி குளிர்ல ஆபீசுக்குப் போறவளுக்கு, தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். ஆயில் சூடேறவே ஏறாது. உன் எஞ்சின் பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயும் பீச்சற ரகம். ஆயில்ல கலந்த பெட்ரோல் ஆவியாகாம அதுலயே தங்கிரும். நம்ம ரிக் கம்ப்ரஸர்லயும் இதே ஏற்பாடுதான், ஆயில் சூடாகற வரைக்கும் வால்வு கூலர் பக்கம் விடாது. உன் பிளேட்டு 80 டிகிரிக்கிட்டத் திறக்கும்.

அளவு விசயத்துல கடைக்காரர் பேச்சைக் கேக்காத. மாசம் ஒரு நாள் டிராக்குக்குப் போறவளுக்கு 19 வரிசைக் கூலரே தாராளம். பெரிசா வெச்சா ரேடியேட்டருக்குப் போற காத்தை மறிச்சு, ஆயிலைக் குளிர வெச்சுட்டுத் தண்ணியைக் கொதிக்க விடுவ. ரப்பர் புஷ்ஷுல உக்கார வை, போல்ட்டை நேரா இறுக்கினா குலுக்கல்ல வெடிச்சிரும். ஓஸ் வாய் ரெண்டும் மேல பாத்து இருக்கட்டும், அப்பத்தான் உள்ள காத்து தங்காது.

மாட்டி முடிச்சதும் சாவியைத் திருப்பிராத. மாட்டறப்பவே கூலருக்குள்ள ஆயில் ஊத்தி நிரப்பிக்க. பெட்ரோல் பம்பு ஃப்யூஸைப் புடுங்கிட்டு, பத்துப் பத்து செகண்டா ஸ்டார்ட்டர் அடி, ஆயில் லைட் அணையற வரைக்கும். அப்பறம் ஃப்யூஸைப் போட்டு ரெண்டு நிமிசம் ஐடில்ல ஓடட்டும். டார்ச் அடிச்சு ஒவ்வொரு மூட்டா பாரு. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க: எஞ்சின் சூடாகாத வரைக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், ஆயில் ஸ்டிக்குல அளவு சரியா இருக்கற மாதிரியே காமிக்கும். நல்லா ஒரு சுத்துப் போயி, சூடேறி, வால்வு திறந்து, வந்து நிறுத்திப் பத்து நிமிசம் கழிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியும். உன் வண்டிக்கு 5.4 லிட்டர், அதுக்கு மேல கூலரும் ஓசும் குடிக்கறது அரை லிட்டருக்குக் குறையாது. இன்னொரு கேன் கையில வெச்சுக்க.

அப்பறம் பராமரிப்பு. பெரிசா ஒண்ணுமில்ல, ஆனா விடாமச் செய்யோணும். மூட்டு ஒவ்வொண்ணுலயும் நட்டையும் கழுத்தையும் சேத்து மார்க்கர் பேனாவுல ஒரு கோடு போட்டுரு. கோடு விலகியிருந்தா நட்டு அவுந்திருக்குதுன்னு அர்த்தம், டிராக்குல இறங்கறதுக்கு முன்னால ஒரு பார்வை போதும். பூச்சியும் மண்ணும் இடுக்குல அடைச்சா பின்பக்கமிருந்து மெல்லத் தண்ணி விடு. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டப் புடிச்சா இதழெல்லாம் மடங்கிரும். கல்லுக்கு முன்னால ஒரு கம்பி வலை. ஆயில் மாத்தறப்ப கூலருக்குள்ள பழசு கொஞ்சம் தங்கத்தான் செய்யும், அதனால நாள் தள்ளாம மாத்து. ஓஸ் பாக்க நல்லாவே இருந்தாலும் அஞ்சு வருசத்துல மாத்திரு. இது ஓஸ் விக்கறவன் சொல்றதுன்னு நினைக்காத.

உங்கம்மாகிட்ட டிராக்குன்னு சொல்லல, வண்டிக்கு ஏதோ சர்வீஸ்னு மட்டும் சொல்லியிருக்கேன். மாப்பிள்ளையும் வாய் தவறிச் சொல்லிராம பாத்துக்கச் சொல்லு.

சனிக்கிழமை வேலை ஆரம்பிக்கறேன்னு எழுதியிருக்க. பழைய ஃபில்டரைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையம் ஃபில்டர்லயே வந்திருச்சான்னு பாரு. பல நேரம் எஞ்சின்ல ஒட்டிக்கும், அது மேலயே பிளேட்டை வெச்சு இறுக்கினா ரெண்டு வளையமாகி, ஸ்டார்ட் பண்ணின உடனே பீச்சி அடிக்கும். உன் வண்டியில ஃபில்டர் மேலயே இருக்கறதால பாக்கறது சுலபம். துடைச்சுட்டு அந்த முகத்தைப் படம் புடிச்சு எனக்கு அனுப்பு. நான் பாத்துச் சொன்னதுக்கப்பறம் பிளேட்டை மாட்டு. உனக்குக் காத்தால ஒம்பதுன்னா இங்க நாலரை. நான் எந்திரிச்சுத்தான் இருப்பேன்.

அப்பா