கடலோரக் குடும்ப வீடு: கண்ணாடிக்குக் கொட்டும் பணம் மண்ணுக்கடியில் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத்தை விட்டுத் திசைக்கொருவராகப் பிரிந்துபோன குடும்பங்கள், தீபாவளிக்காவது தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே கூரையின் கீழ்க் கூடவேண்டும் என்று, அண்ணன் தம்பிகள் பணம் சேர்த்துப் போர்ட்டிக்சன் கரையோரம் வீடு கட்ட நினைப்பது நல்ல காரியம். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கே போய்விடுகிறது. அந்தக் கரை பெரும்பாலும் தென்மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் நேரே கூடத்தில் விழும். ஏர்கோன் ஓடினாலும் உட்கார முடியாது. கண்ணாடியைக் குறைத்து, 3 மீட்டர் அகலத்துக்கு வராந்தா இழுங்கள். வெயிலும் பெருமளவு தடைபடும், விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்றின் சாரலும் உள்ளே வராது. வீட்டார் கூடி உட்காரும் இடமும் அதுவாகவே இருக்கும்.

பணம் போகவேண்டிய முதல் இடம் செப்டிக் தொட்டி. ஒரு வீட்டுக்கு 5 பேர் என்பதே வழக்கமான கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். 25 பேர் தங்கினால் 5,625 லிட்டர். சின்னத் தொட்டியில் அத்தனை நீர் பாயும்போது கசடு அடியில் தங்க நேரமில்லாமல் அப்படியே வெளியேறும். நாற்றம் பெருநாளன்று வருவதற்குக் காரணம் இதுதான். எத்தனை பேர் கூடுவார்கள் என்பதைச் சொல்லியே தொட்டியை வடிவமைக்கச் சொல்லுங்கள். கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கசடை உறிஞ்சி எடுத்ததும் வெற்றுத் தொட்டி மிதந்து, குழாய்களை உடைத்துக்கொண்டு எழும். தொட்டியைவிட அகலமான கான்கிரீட் தளம் போட்டு, அதனோடு பட்டை வைத்துக் கட்டவேண்டும். உறிஞ்சிய கையோடு தண்ணீரை நிரப்பிவிடவேண்டும்.

அடுத்தது கான்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பி. உள்நாட்டு வீட்டில் கம்பிக்கு மேல் 25 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும் என்பார்கள். கடற்கரையில் 50 வேண்டும். உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டால், துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். பல்கனியின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்வது இதனால்தான். பிளானில் 50 என்று எழுதியிருக்கும். வேலையிடத்தில் உடைந்த செங்கல் துண்டைக் கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பார்கள், ஆட்கள் மேலே நடந்ததும் கம்பி, கான்கிரீட் ஊற்றுவதற்கு அடித்த அச்சுப் பலகையில் படிந்துவிடும். கான்கிரீட் ஊற்றும் காலையில் டேப்பை எடுத்துப் பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை நீங்களே அளந்து பாருங்கள். ஊற்றியபின் பார்க்க வழியில்லை. ஊற்றிய கான்கிரீட்டை ஏழு நாளாவது நல்ல தண்ணீரால் ஈரமாக வைத்திருக்கவேண்டும். கடல்மணல் எதிலும் கலக்கக்கூடாது. வெளியே தெரியும் திருகாணி, கைப்பிடியெல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கடற்காற்றில் பழுப்புக்கறை பிடிக்கும்.

நிலத்துக்கு முன்பணம் கட்டுமுன் இன்னொன்று. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி, மணற்கரையில் கடலேற்ற எல்லையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்கிறது. நகராண்மைக் கழகத்தில் கேட்டு, நிலத்தில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று அளந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பெரியவர்களின் அறை கீழ்த்தளத்தில், குளியலறையோடு சேர்ந்திருக்கட்டும். கதவின் அகலம் 900 மில்லிமீட்டர். அது வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். வாசற்படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும் வேண்டும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கைப்பிடி பொருத்தும் சுவரை, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முழுச் செங்கல்லால் கட்டச் சொல்லுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள பொள்ளல் கல்லில் அடித்த ஆணி ஆள் பாரத்தைத் தாங்காது.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர்,
லுக்குட், நெகிரி செம்பிலான்