பாப்பாவுக்கு, பத்தாயிரம் மீட்டர் பற்றி

அன்புள்ள பாப்பா,

நெதர்லாந்தின் ஹேரன்ஃபேன் போய் ஐஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப் பார்த்ததாக எழுதியிருந்தாய். வீடியோவும் வந்தது. "500 மீட்டர் சூப்பர், 10,000 மீட்டர் போர். இரண்டே பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், பாதியிலேயே காபி குடிக்கப் போய்விட்டோம்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஓட்டத்தில் 10,000 மீட்டர் என்றால் 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. ஐஸிலும் அதே 25 தான். ஓட்டத்தில் உகாண்டாவின் செப்டெகேய் 2020-இல் 26 நிமிடம் 11 விநாடியில் முடித்தது உலக சாதனை. ஸ்கேட்டிங்கில் இத்தாலியின் கியோட்டோ 2025-இல் கால்கரியில் 12 நிமிடம் 25.69 விநாடியில் முடித்தார். பாதி நேரம்கூட இல்லை. அதுவும் இடுப்பை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, நேர்த்தடத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. காற்று தடுக்கக் கூடாது என்பதற்காக அப்படிக் குனிகிறார்கள். அந்த நிலையில் ஒரு நிமிடம் நின்று பார், தொடை என்ன சொல்கிறது என்று தெரியும்.

இருவர் இருவராக விட்டாலும், ஜெயிப்பது யார் என்பதை எல்லாருடைய நேரத்தையும் வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் பார்க்க வேண்டியது ஆளை இல்லை, சுற்று நேரத்தை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் பூல் 12 நிமிடம் 30.74 விநாடியில் தங்கம் வாங்கினார். 25-ஆல் வகுத்துப் பார், ஒரு சுற்றுக்கு 30 விநாடி. முதல் சுற்று நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும். மீதி 24 சுற்றில் அதை ஈடுகட்ட வேண்டும். ஐந்தாவது சுற்றில் 30 போடுவது யாருக்கும் முடியும். கால் எரிய ஆரம்பித்த பிறகு இருபதாவது சுற்றிலும் 30 போடுகிறாரா என்பதுதான் பந்தயம். நீ காபிக்குப் போன நேரத்தில்தான் அது ஆரம்பித்திருக்கும். வான் டெர் பூல் தன் பயிற்சி முறை முழுவதையும் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வெளியிட்டுவிட்டார். எதிராளிக்கும் சேர்த்துத்தான். பி.டி. வாத்தியாராக வேலை பார்த்தவனுக்கு அதைவிடப் பெரிய மனசு எதுவும் தெரியவில்லை.

அப்புறம், ஏன் லேன் மாறுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். உள் லேன் வளைவில் தூரம் குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் இருவரும் இடம் மாறியே ஆக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், வெளியிலிருந்து வருபவருக்குத்தான் வழி. பயிற்சியாளர்கள் நிற்பதும் அந்தப் பக்கம்தான், கையில் பலகையோடு. சுற்று நேரத்தை அதில் போட்டு, போகிறவன் கண்ணில் படும்படி நீட்டுவார்கள்.

அந்தப் பலகையால் ஒரு தங்கம் போன கதையைக் கட்டாயம் தெரிந்துகொள். 2010 பிப்ரவரி 23, வான்கூவர் ஒலிம்பிக். நீ இருக்கும் நெதர்லாந்தின் வீரர் ஸ்வென் கிராமர், அங்கே 5,000 மீட்டரில் ஏற்கெனவே தங்கம் வாங்கியவர். 10,000-இல் இன்னும் எட்டு சுற்று பாக்கி. சரியாக வெளி லேனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கெர்ராட் கெம்கர்ஸ் பலகையில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தவர், ஆள் தப்பாகப் போகிறார் என்று நினைத்து, "உள்ளே, உள்ளே" என்று கத்திவிட்டார். கிராமர் கடைசி நொடியில் உள்ளே திரும்பினார். முடித்தபோது 12 நிமிடம் 54.50 விநாடி, எல்லாரையும்விட முதல். கையைத் தூக்கிக் கொண்டாடியவரிடம் கெம்கர்ஸே போய் விஷயத்தைச் சொன்னார். கிராமர் கண்ணாடியைக் கழற்றி வீசினார். தகுதி நீக்கம். நான்கு விநாடி பின்தங்கியிருந்த கொரியாவின் லீ சுங் ஹூனுக்குத் தங்கம்.

எல்லாரும் கிராமருக்காக வருத்தப்பட்டார்கள். என் மனசு கெம்கர்ஸிடம் போயிற்று. அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை, 1988 கால்கரி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். நேதாஜி ஸ்டேடியத்தில் வெயிலில் லேப் கார்டும் பெல்லுமாக நின்ற எனக்கு அந்த இடம் தெரியும். பத்துச் சுற்றுக்குப் பிறகு முன்னால் போகிறவன் யார், ஒரு சுற்று பின்னால் வருகிறவன் யார் என்று கண் குழம்பும். ஓடுகிறவன் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போவான், நாம் காட்டும் எண்ணை அப்படியே நம்பி. அந்த நம்பிக்கையால்தான் கிராமர் திரும்பினார். அவருக்கு யோசிக்க நேரமில்லை.

அதன் பிறகும் கிராமர் அவரை விடவில்லை. 2014 சோச்சியிலும் கெம்கர்ஸ்தான் பயிற்சியாளர். 10,000-இல் அங்கே வெள்ளி, 2018-இல் ஆறாவது இடம். ஒலிம்பிக்கில் அந்தத் தங்கம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. 5,000-இல் மூன்று முறை தொடர்ந்து வாங்கியவருக்கு! எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அடுத்த முறை போனால் எதிர்ப்பக்க நேர்த்தடத்துக்கு நேராக இடம் பிடி. ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு 25 சுற்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. காபியை முன்னாலேயே குடித்துவிடு.

அம்மா பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள். சத்துவாச்சாரியிலிருந்து உன் தோழி அடுத்த மாதம் கிளம்புகிறாளாம், அவளிடம் கொடுத்தனுப்புகிறோம். அவளை ஸ்டேஷனில் போய்ப் பார்த்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா
வேலூர்