தரம் 1 ஆசிரியராகிவிட்ட மகனுக்கு

பொகவந்தலாவை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இத்தனை வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பெரிய பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்த உனக்குத் தரம் 1ஐக் கொடுத்துவிட்டார்கள் என்று மனம் நொந்து பேசினாய். பிள்ளைகள் சொன்னதைக் கேட்பதே இல்லை என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர்கள் கேட்கிறார்கள், மகன். "கொப்பியை எடுங்கள், நேற்று எழுதிய பக்கத்தைத் திருப்புங்கள், அதற்குக் கீழே எழுதுங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளை கொப்பியை எடுத்ததோடு நின்றுவிடும். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் தினமும் இதைப் பார்த்தவள் நான். ஒன்றைச் சொல், எல்லாரும் செய்து முடிக்கும்வரை பொறு, பிறகு அடுத்ததைச் சொல். கரும்பலகையருகே நின்று சத்தம் போடாதே. பக்கத்தில் போய், குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடு. நீ நல்ல உயரம். அண்ணாந்து பார்த்தாலே சிலருக்கு வாய் அடைத்துப்போகும்.

ஜனவரிக் காலையில் அந்த விரல்கள் விறைத்திருக்கும். வந்ததும் பென்சிலைக் கொடுக்காதே. பாட்டு, கைதட்டல், ஓட்டம் என்று முதலில் உடம்பு சூடாகட்டும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சேர்ந்ததுதானே தரம் 1, 2இன் பாடத்திட்டம்? விளையாட்டை நேரம் வீணாவதாக நினைக்காதே. எண்ணுவதற்குத் தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொல். கையால் தொட்டு ஐந்தை எண்ணிய பிறகுதான் கொப்பியில் எழுதும் 5 அவர்களுக்குப் புரியும். சாதாரண தரத்தில் உன்முன் விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இது சிறு வயதில் கிடைக்காமல் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கணிதம் தெரிந்த ஒருவர் தரம் 1க்குப் போனது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருக்கிறது என்றாயே. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், வளர்ப்பது அம்மாயி. அதைப் பேசவைக்க அவசரப்படாதே, வேலை கொடு. மடுவத்தில் அப்படியொரு பெண்பிள்ளை இருந்தாள். கைக்குழந்தைகளின் தொட்டிலை ஆட்டச் சொன்னேன். முதல் வார்த்தையை ஒரு குழந்தையிடம்தான் பேசினாள். எங்களிடம் பேசப் பல நாள் ஆயிற்று.

கூட்டத்துக்குப் பெற்றோர் வரவில்லை என்று கோபிக்காதே. கொழுந்து பறிக்கும் நாளில் வந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வருவார்கள். புலமைப்பரிசில் பரீட்சை பற்றி இப்போதே கேட்பார்கள். அது ஐந்தாம் தரத்தில்தானே, இப்போது பிள்ளை பள்ளிக்கு ஆசையோடு வருகிறதா என்று பாருங்கள் எனச் சொல்.

அன்புடன்,
அம்மா