பிள்ளையை ஏற்றும் முன் மேலே என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தாலே பத்துமலையில் பிள்ளைகள் கூட்டம் கூடிவிடுகிறது. கோயில் படிக்கட்டைச் சொல்லவில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு டாமாய் பக்கம் போனால் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளைச் சொல்கிறேன். 14 வருடமாக முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அங்கே போய் ஏறுகிறேன். நான் தொடங்கிய காலத்தில் அந்தப் பாறையடியில் தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம், இன்று நம் பிள்ளைகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அதனால்தான் போன விடுமுறையில் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பிள்ளைகள் ஏறுவது டாப் ரோப் முறையில். கயிறு தரையிலிருந்து மேலே போய், உச்சியில் பாறையோடு மாட்டிய ஆங்கர் என்ற பிடிமானத்தின் வழியாகத் திரும்பிக் கீழே வரும். ஒரு முனையில் பிள்ளை, மறுமுனையைக் கீழே நிற்பவர் பிடித்திருப்பார். பிள்ளை கை நழுவினாலும் ஓரிரு அடிக்கு மேல் விழாது என்பதால் பாறை ஏறுவதிலேயே இதுதான் பத்திரமான முறை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பத்திரம் முழுக்க உச்சியில் இருக்கும் அந்த ஓர் இடத்தை நம்பித்தான் இருக்கிறது. அது விட்டுப்போனால் பிடிக்க வேறு எதுவும் கிடையாது.

அன்று ஒரு குழு இருபது பிள்ளைகளுக்கு மேல் அழைத்து வந்திருந்தது, தலைக்கு 50 வெள்ளி. நான் பக்கத்துப் பாதையில் ஏறி உச்சிக்குப் போனதும் அவர்களுடைய ஆங்கர் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. பாறையைத் துளைத்து இறுக்கும் போல்ட் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நன்றாக இருந்தது, மற்றது துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, பாறையிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு பட்டைக் கல்லின் பின்னால் கேம் என்ற, பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கருவி ஒன்றைச் செருகி, போல்டுக்கும் அதற்கும் ஸ்லிங் என்ற ஒரே துணிப்பட்டை வளையத்தை முக்கோணமாகச் சுற்றி, கீழே கயிற்றை மாட்டப் பூட்டு இல்லாத சாதாரண காரபினர், அதாவது உலோகக் கொக்கி, ஒன்றே ஒன்று. திறந்து மூடும் அதன் வாய் பாறையில் உரசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளை ஒன்று பாதி உயரத்தில் இருந்தாள்.

அவள் இறங்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வரவில்லை. கீழே வந்து, அந்த ஆங்கரைப் போட்டிருந்த இளைஞரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். "வாரா வாரம் இப்படித்தான்க்கா போடுறோம், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். சரி தம்பி, ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டு, என் பாதையில் மறுபடியும் ஏறிப் போய் அந்தக் கேமை ஒரு கையால் பக்கவாட்டில் இழுத்தேன். ஒரு கைப்பிடி அளவு கல்லோடு கழன்று வந்துவிட்டது. அதுவரை ஏறிய பிள்ளைகளை எல்லாம் தாங்கியது அந்த ஒற்றை போல்ட்தான்.

"ஒண்ணும் ஆனதில்ல" என்ற பேச்சுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. டாப் ரோப்பில் பெரிய விழுதல் இல்லாததால் தப்பான ஆங்கரும் நூறு தடவை பேசாமல் தாங்கும், எந்த எச்சரிக்கையும் தராது. நூறு தடவை தாங்கியது என்பது நூற்றோராவது தடவைக்குச் சாட்சி ஆகாது. அப்புறம், பாரம் எவ்வளவு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 40 கிலோ பிள்ளை தொங்கினால் ஆங்கருக்கு 40 கிலோதான் என்று நினைக்கிறார்கள். கீழே பிடித்திருப்பவர் மறுபக்கம் இழுக்கும் இழுப்பும் சேர்ந்து கிட்டத்தட்ட இரு மடங்கு அங்கே விழுகிறது, உராய்வில் கொஞ்சம்தான் குறையும்.

ஸ்லிங் கட்டும் கோணமும் அப்படித்தான். தண்ணீர் நிறைந்த வாளியை இருவர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஒட்டி நடந்தால் லேசாக இருக்கும், விலக விலகக் கை கழன்றுவிடும் போல வலிக்கும். ஸ்லிங்கின் இரண்டு கிளைகளுக்கு நடுவே 60 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் பாரத்தில் 58 சதவீதம், 120 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் முழுப் பாரம். முக்கோணமாகச் சுற்றினால் இன்னும் மோசம், அதே 60 டிகிரியிலேயே இரண்டு பக்கமும் முழுப் பாரத்தைத் தாங்க வேண்டி வருகிறது. அதோடு அப்படிச் சுற்றிய ஸ்லிங் ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே போய்விடும்.

கேமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பிளவுக்குள் விரிந்து இரண்டு பக்கச் சுவரையும் தள்ளித்தான் நிற்கிறது. கீழே இழுக்கும் பாரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு சக்தியில் ஒவ்வொரு சுவரையும் வெளியே தள்ளும். உறுதியான பிளவில் அதுதான் அதன் பலம். பிரிந்து நிற்கும் பட்டைக் கல்லின் பின்னால் வைத்தால் கல்லைப் பெயர்க்கும் கடப்பாறை மாதிரி ஆகிவிடும். பத்துமலைப் பாறையோ சுண்ணாம்புக்கல், தண்ணீர் அரித்து வழுவழுப்பாகவும் உள்ளே பொந்தாகவும் இருக்கும். பொங்கலுக்குப் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதே போல் கல்லைத் தட்டிக் கேட்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே ஒன்றும் வைக்கக் கூடாது.

காரபினரின் உடம்பிலேயே எண்கள் அச்சடித்திருக்கும், பெற்றோரும் வாசித்துப் பார்க்கலாம். வாய் மூடியிருந்தால் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2 டன் தாங்க வேண்டும் என்பது தரவிதி. வாய் திறந்துகொண்டால் 7 இருந்தாலே போதும் என்றுதான் அதே விதி சொல்கிறது. பாறையில் உரசும் வாய் எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பூட்டுள்ள காரபினர் இரண்டை எதிரெதிர் பக்கம் வாய் பார்த்து மாட்டச் சொல்கிறார்கள். இன்னொரு முறை இன்னொரு குழு, காரபினரே இல்லாமல் ஸ்லிங்குக்குள் நேராகக் கயிற்றை ஓடவிட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். கயிறு ஓட ஓட ஸ்லிங்கின் ஒரே இடம் சூடாகிக்கொண்டே இருக்கும், டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த ஸ்லிங் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஒரு பிள்ளையை இறக்கும் நேரம் போதும்.

நல்ல சாமான் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2013இல் பிரான்சில் 12 வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். நன்றாக ஏறத் தெரிந்த பிள்ளை. சாமானைக் கோத்தவர்கள் தப்பாகக் கோத்ததில், பாரத்தைத் தாங்க வேண்டிய பட்டைக்குப் பதிலாக, காரபினர் நகராமல் இருக்கப் போடும் சின்ன ரப்பர் வளையத்தில்தான் அவன் உடம்பின் பாரம் விழுந்திருக்கிறது. அந்தச் செய்தியை வாசித்ததிலிருந்து யார் கோத்துக் கொடுத்தாலும் நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்காமல் ஏறுவதில்லை.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் அதையே செய்தார், காட்டியதும் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளை இரண்டு போல்டும் உறுதியாக இருந்த வேறொரு பாதைக்கு மாற்றி, இருவருமாகத் திரும்பக் கட்டினோம். கோபமெல்லாம் காசு வாங்கிக்கொண்டு, ஆங்கர் கட்டத் தெரியாதவரை இருபது பிள்ளைகளோடு தனியாக அனுப்பியவர்கள்மேல்தான். பானர் அடிக்கவும் டீ-சட்டை அச்சடிக்கவும் செலவு செய்கிறவர்கள், கூட வருகிறவருக்கு முறையான பயிற்சி கொடுக்கவும் பழைய ஸ்லிங்கைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கவும் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பாறை ஏறத் தெரிய வேண்டியதில்லை. முதல் பிள்ளை கயிறு கட்டும் முன், ஆங்கர் போட்டவரிடம் மேலே எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டச் சொல்லுங்கள். தனித்தனியாக இரண்டு பிடிமானம் இருக்கிறதா, ஒன்று போனால் மற்றது தாங்குமா, கயிறு ஓடுவது காரபினரிலா துணியிலா என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் சந்தோஷமாக விளக்குவார். முகம் சுளித்தாலோ, "ஒண்ணும் ஆகாது" என்றாலோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், 50 வெள்ளி போனால் போகட்டும்.

அன்று கழன்று வந்த அந்தக் கல்லை வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பெரும்பாலும் டாமாய் பாறையடியில்தான் இருப்பேன், யாராவது தங்கள் ஆங்கரைப் பார்க்கச் சொன்னால் காசு எதுவும் வேண்டாம், ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாறை ஏறும் வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்